இருவாட்சியின் ஊதா நாக்கு

மழை இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காத ஒரு காட்டில், ஒரு தான்றி மரத்தின் பொந்தில், ஓர் இருவாட்சிக் குடும்பம் இருந்தது. கணவன் பெயர் ஏகாம்பரம். மனைவி பெயர் செங்கமலம். குஞ்சுகள் இரண்டு. அவற்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் உறவுக்காரர்களைக் கூப்பிட்டு விருந்து போட வேண்டும். அந்த வருடம் அதற்கு வழியில்லை.

பிள்ளைகளே, இருவாட்சியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காக்கையைவிடப் பெரிய பறவை. நீளமாய் வளைந்த அலகு. அதன் மேல் இன்னொரு சின்ன அலகைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு மேடு. பறந்தால் சிறகுச் சத்தம் அடுத்த குன்றுவரை கேட்கும்.

இந்தப் பறவைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய்விடும். சேற்றையும் பழச்சக்கையையும் எச்சத்தையும் குழைத்து, உள்ளே இருந்தபடியே வாசலைச் சுவர் வைத்து அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். பிறகு தன் சிறகுகளை உதிர்த்துவிடும். குஞ்சுகள் வளரும் வரை வெளியே வராது. கணவன்தான் பழங்களைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கீறல் வழியே ஊட்ட வேண்டும்.

அந்தச் சுவர் காய்ந்துவிட்டால் கல் மாதிரி. வெளியே இருந்து யாராலும் உடைக்க முடியாது. உள்ளே இருப்பவள் மனம் வைத்தால்தான் உடையும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஆலமரம் காய்க்கவில்லை. அத்தியும் காய்க்கவில்லை. காடு முழுவதிலும் பழுத்தது ஆற்றங்கரை நாவல் மரம் ஒன்றுதான். அதில் தங்கப்பழம் என்ற குரங்கு கடை போட்டுவிட்டான். மரத்தை அவன் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. முதலில் ஏறி உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

பழத்துக்கு விலை வெட்டுக்கிளி. முதலில் ஒரு வெட்டுக்கிளிக்கு ஒரு கொத்துப் பழம் கொடுத்தான். ஒரு வாரத்தில் கொத்து பாதியானது. அடுத்த வாரம் ஒரு வெட்டுக்கிளிக்கு ஒரே ஒரு பழம் என்றான்.

ஏகாம்பரத்துக்கு வயிறு எரிந்தது. "நேற்று இரண்டு பழம் கொடுத்தாயே, அப்பா!"

"நேத்து விலை நேத்தோட போச்சு, அண்ணாச்சி."

"ஒரே ராத்திரியில் மரத்துக்கு என்ன வந்தது?"

"மேல்கிளையிலேயே விலையை ஏத்திட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

ஏகாம்பரம் அண்ணாந்து பார்த்தான். மேல்கிளையில் தங்கப்பழத்தின் மச்சான் உட்கார்ந்திருந்தான். மச்சான் கீழ்க்கிளையைக் கைகாட்டினான்.

"சரி, கொசுறாவது ஒன்று போடு."

"கொசுறா? அதெல்லாம் எங்க அப்பாவோட போச்சு, அண்ணாச்சி. வாங்குறதா இருந்தா வாங்குங்க. பின்னாடி மைனா நிக்கிறாங்க."

பின்னால் மைனா நின்றுகொண்டுதான் இருந்தாள். ஏகாம்பரம் வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கீறல் வழியே நிலைமையைச் சொன்னான். செங்கமலம் கெட்டிக்காரி. புலம்பவில்லை.

"வெள்ளிக்கிழமை ஓணானை நிறுத்திடலாங்க. இனிமே பழம் மட்டும் போதும். குஞ்சுங்களைக் கொட்டையைத் துப்பாம ரெண்டு தரம் சப்பச் சொல்றேன். தோலையும் வீணாக்க வேண்டாம், சுவர்ல விரிசல் விழுந்தா பூசிக்கலாம்."

"உன் சித்தப்பா மகன் வருகிறேன் என்று சொல்லியனுப்பினானே?"

"நாங்க ஊர்ல இல்லைன்னு சொல்லிடுங்க."

பொந்துக்குள் இரண்டு மாதத்துக்கு மேலாகச் சுவர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் ஊரில் இல்லை என்று ஏகாம்பரம் சொல்லியனுப்பினான். சித்தப்பா மகனும் நம்பிவிட்டான். அவன் வீட்டிலும் அதே நிலைமைதான்.

குஞ்சுகள் இரண்டு நாள் ஓணான் கேட்டுக் கத்தின. மூன்றாம் நாள் கொட்டையைச் சப்பப் பழகிக்கொண்டன. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

தான்றி மரத்தடியில் ஓர் உடும்பு குடியிருந்தார். பெயர் மாசிலாமணி. உடம்பெல்லாம் புள்ளி. பேச்சு மட்டும் வழுவழுவென்று இருக்கும். அவர் சிக்கனத்துக்குக் காட்டில் பெயர் எடுத்தவர். மாதத்துக்கு ஒரே ஒரு வேளை, அதுவும் அமாவாசை அன்று மட்டும்தான் சாப்பிடுவார். மற்ற நாளெல்லாம் வெயிலில் படுத்துக்கொண்டு எல்லாரையும் நலம் விசாரிப்பார்.

"ஏகாம்பரம் தம்பி, சுவர் நல்லா இருக்கா? விரிசல் ஏதும் இல்லையே?"

"இல்லை, அண்ணே."

"நல்லது. குஞ்சுகள் கொழுகொழுன்னு இருக்கா?"

"இருக்கின்றன, அண்ணே. ஆனால் விலைவாசிதான் கையைக் கடிக்கிறது."

"அடடா. பிள்ளைகுட்டிக்காரன் பாடு கஷ்டம்தான்" என்றார் மாசிலாமணி. அவர் கண்ணில் நீர்கூட வந்தது. உடும்புக்கு வெயிலில் அப்படித்தான் வரும். "ஒரு யோசனை சொல்லட்டுமா? நீ ஏன் பறக்கறே? பறந்தா பசிக்கும். பசிச்சா செலவு. நடந்து போயேன்."

ஏகாம்பரம் மறுநாள் கடைக்கு நடந்து போனான். கிளைக்குக் கிளை தத்தி, தரையில் இறங்கி, புதரைச் சுற்றி, ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். விலை அதற்குள் இன்னொரு தரம் ஏறியிருந்தது. அன்றைய நடையில் அவனுக்கு மிச்சமானது காலில் தைத்த ஒரு முள்.

"நடை உனக்குச் சரிப்படலை, தம்பி" என்று மாசிலாமணியே ஒப்புக்கொண்டார். "வேற வழி பார்ப்போம். வீட்டுல மொத்தம் எத்தனை வாய்?"

"நான்கு, அண்ணே."

"குஞ்சுக்குக் குறைச்சா?"

"கத்தும்."

"பெண்சாதிக்குக் குறைச்சா?"

"அவள் சிறகு முளைக்கிற நேரம். குறைக்கக் கூடாது."

"அப்போ கத்தாத வாய், சிறகு முளைக்காத வாய், ஒண்ணுதானே பாக்கி?" மாசிலாமணி பிளந்த நாக்கை ஒருமுறை வெளியே விட்டு இழுத்துக்கொண்டார். "நான் எதுவும் சொல்லலை. உனக்கே புரியும். உன்னை மாதிரிப் பொறுப்பான குடும்பத் தலைவனை நான் பார்த்ததில்லை."

ஏகாம்பரத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காட்டில் யாரும் அவனை இதுவரை அப்படிச் சொன்னதில்லை. தங்கப்பழம் சொன்னதில்லை. மாமனார் நிச்சயமாகச் சொன்னதில்லை.

அன்று முதல் அவன் தன் பங்கை நிறுத்திவிட்டான். பிடித்த வெட்டுக்கிளியைத் தின்ன முடியாது, அது விலை. வாங்கிய பழத்தைத் தின்ன முடியாது, அது வீட்டுக்கு. நாளுக்கு ஆறு பழம் வாங்குவான், ஆறையும் தொண்டையில் அடக்கிக்கொண்டு பறந்து வருவான். தொண்டைக்கும் வயிற்றுக்கும் எவ்வளவு தூரம்? ஒரு முழுங்கு தூரம். பழம் அங்கேயே உருளும். வயிறு கீழே இருந்து கூப்பிடும். ஏகாம்பரம் விழுங்க மாட்டான். ரோஷக்காரன்.

கீறலுக்குள்ளிருந்து செங்கமலம் தினமும் கேட்பாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"வயிறு முட்ட" என்பான். நம்பிக்கைக்காக ஓர் ஏப்பமும் விடுவான்.

நான்காம் நாள் செங்கமலம் கொஞ்சம் யோசித்தாள். "இது தின்ன ஏப்பம் மாதிரி இல்லையே. வெறும் வயித்து ஏப்பம் மாதிரி இருக்கே."

"சுவருக்கு உள்ளே இருப்பதால் உனக்கு அப்படிக் கேட்கிறது."

"அப்போ நாக்கை நீட்டுங்க."

நாவல்பழம் தின்றால் நாக்கு ஊதாவாகும். உங்களுக்குத் தெரியும், எத்தனை தரம் அகப்பட்டிருப்பீர்கள்! கீறல் வழியே அவளுக்கு அவன் உடம்பு தெரியாது, அலகும் நாக்கும்தான் தெரியும். ஏகாம்பரத்தின் நாக்கு வெளிறிப்போய் இருந்தது.

"தண்ணீர் குடித்தேன். கழுவிக்கொண்டு போய்விட்டது. நாளைக்குக் காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டான்.

மறுநாள் தங்கப்பழத்தின் கடைக்குக் கீழே தரையில் தேடினான். யாரோ தின்று துப்பிய தோல் ஒன்று கிடந்தது. அதை எடுத்து நாக்கு நுனியில் நன்றாகத் தேய்த்துக்கொண்டான். மேலே இருந்து குரங்கு இதைப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, அலங்காரமா?"

"உன் வேலையைப் பார்."

"தோலுக்கும் விலை உண்டு, அண்ணாச்சி. இன்னைக்குப் போகட்டும்."

ஏகாம்பரம் வீட்டுக்குப் போய்க் கீறலில் நாக்கை நீட்டினான். செங்கமலம் எட்டிப் பார்த்தாள். நுனி ஊதாவாக இருந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லி, பழத்தைக் குஞ்சுகளுக்குப் பிய்த்துக் கொடுத்தாள்.

பிறகு இது வாடிக்கையாகிவிட்டது. காலையில் வெட்டுக்கிளி பிடிப்பான். கடைக்குப் போவான். பழம் வாங்குவான். தரையில் தோல் தேடி நாக்கில் பூசுவான். வீட்டுக்கு வந்து காட்டுவான். பட்டினி கிடப்பதற்கு இத்தனை வேலை இருக்கும் என்று அவன் முன்பு நினைத்ததே இல்லை. சிறகுச் சத்தம் தேய்ந்தது. முன்பு அடுத்த குன்றில் கேட்ட சத்தம் இப்போது பக்கத்துக் கிளையில் கேட்பதே பெரிதாக இருந்தது.

"என்னங்க, சத்தமே வர்றதில்லை?" என்றாள் செங்கமலம்.

"சத்தம் போடாமல் பறக்கப் பழகிவிட்டேன்."

மரத்தடியில் மாசிலாமணி தலையை ஆட்டினார். "பிரமாதம், தம்பி. உன்னைப் பார்த்துத்தான் எல்லாரும் கத்துக்கணும்."

ஒரு நாள் ஏகாம்பரம் பழம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வழியில் வறண்ட ஓடைக்கு மேலே, அவன் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிறகை ஒருமுறை அடித்தான். இன்னொரு முறை அடிக்க வரவில்லை. கல் விழுவதுபோல் ஓடை மணலில் விழுந்தான்.

எழுந்திருக்கப் பார்த்தான். கால் கேட்கவில்லை. சூரியன் உச்சிக்கு வந்தது, சாயவும் தொடங்கியது. ஓடைக்கு அந்தப் பக்கம்தான் தான்றி மரம். குஞ்சுகள் கத்தும் சத்தம் நன்றாகக் கேட்டது. போய்ச் சேர வழியில்லை.

புதர் அசைந்தது. மாசிலாமணி வந்தார்.

"அண்ணே! நல்ல வேளை வந்தீர்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை."

மாசிலாமணி அவனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒட்டிப்போன வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். அதில் தின்ன ஒன்றும் இல்லை.

"ஓய்வெடுத்துக்கோ, தம்பி. ரொம்ப உழைச்சுட்டே."

"தொண்டையில் ஆறு பழம் இருக்கிறது, அண்ணே. ஒன்றே ஒன்று விழுங்கிக்கொள்ளட்டுமா? எழுந்து பறந்துவிடுவேன்."

"சேச்சே! குஞ்சுகளோட பழத்தையா? இத்தனை நாள் எடுத்த பேர் என்னாகிறது?"

ஏகாம்பரம் வெட்கப்பட்டுப் போனான். "தப்புத்தான், அண்ணே."

அப்போது தான்றி மரத்திலிருந்து ஒரு புதுச் சத்தம் கேட்டது. டொக். டொக். டொக்.

"அது என்ன சத்தம், அண்ணே?"

"உன் பெண்சாதி. நீ வரலைன்னதும் சுவரை உடைக்கிறா. சாப்பாடு வராத வீட்டுக்குள்ள எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பா, பாவம்" என்றார் மாசிலாமணி. சொல்லிவிட்டு மரத்தின் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"அவளுக்கு இன்னும் சிறகு முழுதாக முளைக்கவில்லையே, அண்ணே! நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

"சாப்பிட."

"நீங்கள் அமாவாசைக்குத்தானே சாப்பிடுவீர்கள்?"

"இன்னைக்கு அமாவாசைதான், தம்பி" என்றார் மாசிலாமணி. திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அவசரம்.

ஏகாம்பரம் மணலில் கிடந்தபடி அவர் வால் புதருக்குள் மறைவதைப் பார்த்தான். சுவர் நல்லா இருக்கா என்று தினமும் கேட்டது நினைவுக்கு வந்தது. குஞ்சுகள் கொழுகொழுவென்று இருக்கின்றனவா என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது. கல் மாதிரிச் சுவர். வெளியே இருந்து யாராலும் உடைக்க முடியாது. அதை உள்ளே இருந்து உடைக்க வைக்க வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. அந்த வழியில் அவன் இத்தனை நாளும் தானாகவே நடந்திருக்கிறான்.

"அட பாவி" என்றான். உடும்பைச் சொன்னானா, தன்னையே சொன்னானா என்பது அவனுக்கே தெரியவில்லை.

முதல் பழத்தை விழுங்கினான். தொண்டை விடமாட்டேன் என்றது. அழுதுகொண்டே விழுங்கினான். இரண்டாவதை விழுங்கினான். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. வயிற்றுக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. கால் ஊன்றியது. சிறகு விரிந்தது. ஓடையே அதிரும்படி ஒரு சத்தம் எழுந்தது. பொந்துக்குள் இரண்டு குஞ்சுகளும் கத்துவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டன.

மாசிலாமணி அதற்குள் மரத்தில் பாதிக்கு மேல் ஏறியிருந்தார். சுவரில் பாதி உதிர்ந்திருந்தது. ஓட்டை வழியே செங்கமலம் அலகை நீட்டிக்கொண்டு நின்றாள். அரைகுறையாய் முளைத்த சிறகால் குஞ்சுகளை மறைத்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணியின் முன்னங்கால் நகம் ஓட்டையின் விளிம்பைப் பிடித்தது.

ஏகாம்பரம் அவர் வாலைப் பிடித்தான். இருவாட்சி அலகு பிடித்தால் உடும்புப்பிடிதான். உடும்புக்கே அது புதிதாக இருந்தது.

"தம்பி, வலிக்குது! விட்டுடு! நான் உன் நல்லதுக்குத்தான்..."

ஏகாம்பரம் விடவில்லை. இழுத்த இழுப்பில் மாசிலாமணி மரத்திலிருந்து பிய்ந்து, கிளைக்குக் கிளை மோதி, கீழே முட்புதரில் போய் விழுந்தார். எழுந்து, ஒரு பேச்சும் பேசாமல், நொண்டிக்கொண்டே போய்விட்டார். அந்த அமாவாசையும் அவருக்கு விரதமாகப் போயிற்று.

ஏகாம்பரம் வாசலில் வந்து உட்கார்ந்தான். சுவர் பாதி இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு செங்கமலம் அவனை முழுசாகப் பார்த்தாள். அலகு மட்டும் பழைய அலகு. அதற்குப் பின்னால் இருந்தது ஒரு பிடி இறகும் நெஞ்செலும்பும்தான்.

அவள் கேட்டாள். "தினமும் வயிறு முட்டச் சாப்பிட்டீங்களே. அதெல்லாம் எங்கே போச்சு?"

ஏகாம்பரம் இறகைக் கோதுவதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னைக்குப் பழம் எங்கே?"

"தின்றுவிட்டேன்."

"எத்தனை?"

"ஆறும்."

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினான். நுனி மட்டும் இல்லை. நாக்கு அடி வரைக்கும், தொண்டைக்குள் கண்ணுக்கு எட்டிய மட்டும், ஒரே ஊதா. செங்கமலத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இத்தனை நாள் பார்த்தது வெறும் பூச்சு.

"உங்களுக்கு ஏதாவது ஆனா நாங்க மூணு பேரும் இந்தப் பொந்துக்குள்ளேயே காய்ஞ்சு போவோம்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்று அழுதாள். "எங்களுக்காகத்தான் பட்டினி கிடந்தேன்னு சொல்லாதீங்க. எங்களைத்தான் பட்டினி போடப் பார்த்தீங்க."

"மாசிலாமணி அண்ணன்தான், பொறுப்பான குடும்பத் தலைவன் என்று..."

"அந்த ஆளைக் கீழே இழுத்துப் போட்டது நீங்கதானே? பொறுப்பு அதுதான். இப்பப் போய் எங்களுக்குப் பழம் வாங்கிட்டு வாங்க. குழந்தைங்க காலையில இருந்து பட்டினி."

ஏகாம்பரம் போனான். போன சத்தம் ஆற்றங்கரை வரை கேட்டது. தங்கப்பழம்கூட ஒரு நிமிடம் விலையை ஏற்ற மறந்துவிட்டான்.

அவன் திரும்பி வரும்போது செங்கமலம் சுவரைப் பூசி முடித்திருந்தாள். சேமித்து வைத்திருந்த பழத்தோல் அதற்குப் பயன்பட்டது. ஆனால் கீறல் இந்தமுறை முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

"அலகு நுழைய இவ்வளவு இடம் எதற்கு?" என்று கேட்டான் ஏகாம்பரம்.

"அலகுக்கு இல்லை. உங்க வயித்தைப் பார்க்க."

அன்று முதல் ஆறு பழத்தில் முதல் பழத்தை அவன் கீறலுக்கு எதிரே உட்கார்ந்து தின்ன வேண்டும். அவன் தின்று முடிக்கும்வரை உள்ளே யாரும் வாய் திறக்கக் கூடாது. இது செங்கமலத்தின் உத்தரவு. குஞ்சுகளுக்கு ஆளுக்குப் பாதிப் பழம் குறைந்தது. இரண்டு நாள் கத்தின. மூன்றாம் நாள் அதற்கும் பழகிக்கொண்டன.

நீதி: எந்தச் செலவைக் குறைத்தாலும், வீட்டைச் சுமப்பவரின் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.